பன்னிரண்டு பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்?

1998 பிப்ரவரி 28 தேதியிட்ட 'லான்செட்' மருத்துவ இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் இன்னும் 12 பேரும். குடல் கோளாறும் வளர்ச்சிக் குறைபாடும் (பெரும்பாலும், பேச்சையும் பிறரோடு பழகுவதையும் பாதிக்கும் ஆட்டிசம்) சேர்ந்திருந்த 12 பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அவர்களில் எட்டுப் பேருக்கு எம்.எம்.ஆர். தடுப்பூசி போட்டதைத் தொடர்ந்து நடத்தையில் மாற்றம் தெரிந்தது என்றும், ஊசிக்கும் முதல் அறிகுறிக்கும் இடையே சராசரியாக 6.3 நாள்தான் என்றும் அதில் இருந்தது. எம்.எம்.ஆர். என்பது தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற ஊசி. நம் அரசு மருத்துவமனைகளில் பொன்னுக்கு வீங்கியை விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கும் எம்.ஆர். ஊசியாகப் போடுகிறார்கள்.

ஊசிக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாக நாங்கள் நிரூபிக்கவில்லை என்ற வாக்கியமும் அதே கட்டுரையில் உண்டு. தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று இன்றுவரை பேசுகிறவர்களும் சரி, அவர்களை மறுக்கிறவர்களில் பலரும் சரி, அந்த வாக்கியத்தைப் படித்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் பயம் கட்டுரையிலிருந்து பரவவில்லை. கட்டுரை வெளியாவதை ஒட்டி மருத்துவமனையே ஒரு பத்திரிகையாளர் சந்திப்பு நடத்தியது, தொலைக்காட்சிகளுக்காக ஒரு வீடியோவும் தயாரித்தது. அங்கே வேக்ஃபீல்ட், மூன்றையும் ஒரே ஊசியாகப் போடுவதைத் தன்னால் ஆதரிக்க முடியாது, தனித்தனியாகப் போடுங்கள் என்றார். கட்டுரையில் இல்லாத அறிவுரை இது. மறுநாள் செய்தியானது இதுதான்.

தனித்தனி ஊசி என்ற யோசனைக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. 1997 ஜூனிலேயே வேக்ஃபீல்டின் பெயரில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் பதிவாகியிருந்தது. எம்.எம்.ஆர். ஊசிக்கு மாற்றாக, பாதுகாப்பான தட்டம்மைத் தடுப்பூசி ஒன்றும் அதில் அடக்கம்.

சரி, காப்புரிமை இருக்கட்டும். எனக்கு இந்த விவகாரத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது, அந்த 12 பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்த விதம். கட்டுரை அவர்களை 'அடுத்தடுத்துப் பரிந்துரைக்கப்பட்ட' நோயாளிகள் என்றது. மருத்துவ ஆய்வில் இதற்கு ஒரு மதிப்பு உண்டு. யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை, வருகிற வரிசையில் எடுத்துக்கொண்டோம் என்று பொருள். அப்படி வந்த 12 பேரில் எட்டுப் பெற்றோர் ஒரே ஊசியைக் கைகாட்டினால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும்.

ஆனால் அவர்கள் வரிசையில் வந்தவர்கள் இல்லை. 'சண்டே டைம்ஸ்' வார இதழின் செய்தியாளர் பிரையன் டீர் 2004 பிப்ரவரியில் தொடங்கிப் பல ஆண்டுகள் தோண்டி எடுத்தது இதைத்தான். கட்டுரை வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, எம்.எம்.ஆர். தயாரிப்பு நிறுவனங்கள்மீது வழக்குப் போடத் தயாராகிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பார் என்ற வழக்கறிஞர் வேக்ஃபீல்டை வேலைக்கு அமர்த்தியிருந்தார். அரசின் சட்ட உதவி நிதியிலிருந்து மணிக்கு 150 பவுண்டு கட்டணம். வழக்கு முடிவதற்குள் அவர் கைக்கு வந்தது செலவுத் தொகை தவிர 4,35,643 பவுண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் அந்த வழக்கறிஞர் வழியாகவும், எம்.எம்.ஆர். எதிர்ப்புக் குழு ஒன்றின் வழியாகவும் வந்தவர்கள். ஒருவர்கூட லண்டன்வாசி இல்லை, ஒரு பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊசியால்தான் கெட்டது என்று ஏற்கெனவே நம்பிய பெற்றோரைத் தேடிச் சேர்த்துவிட்டு, இவர்களில் பெரும்பாலோர் ஊசியைக் குறை சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில் என்ன இருக்கிறது? பல் டாக்டர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஊரில் எத்தனை பேருக்குப் பல்வலி என்று கணக்கெடுப்பது மாதிரிதான். கணக்கில் பிழை இருக்காது. கேட்ட இடம்தான் தவறு.

இந்த அளவோடு நின்றிருந்தால் மோசமான ஆய்வு என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை டீர் கட்டுரையோடு ஒப்பிட்டபோது ஒரு பிள்ளையின் விவரம்கூட முழுமையாகப் பொருந்தவில்லை. வந்த பேச்சும் திறன்களும் போய்விடுகிற 'பின்னோக்கிய ஆட்டிசம்' என்று கட்டுரை சொன்ன ஒன்பது பேரில் மூன்று பேருக்கு ஆட்டிசம் என்றே எந்த மருத்துவரும் சொல்லவில்லை. 12 பேரும் ஊசிக்கு முன் நன்றாக இருந்தவர்கள் என்று எழுதியிருந்தார்கள். ஐந்து பேரின் பதிவுகளில் ஊசிக்கு முன்பே வளர்ச்சி குறித்த கவலைகள் குறிக்கப்பட்டிருந்தன. சில பிள்ளைகளிடம் அறிகுறி தெரிந்தது ஊசிக்குச் சில நாளில் அல்ல, மாதக்கணக்கில் கழித்து. குடல் திசுக்களை முதலில் பார்த்த நிபுணர்கள் பெரும்பாலும் இயல்பு என்று எழுதியிருக்க, கட்டுரையில் அது குடல் அழற்சியாக மாறியிருந்தது. 2011 ஜனவரியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை நேரடியாகவே மோசடி என்று எழுதியது.

வேக்ஃபீல்டின் சொந்த ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். தட்டம்மை வைரஸ் குடலில் தங்கி வேலையைக் காட்டுகிறது என்பதுதான் அவருடைய கோட்பாடு. அப்போது அவருக்குக் கீழே ஆராய்ச்சி மாணவராக இருந்த நிக்கோலஸ் சாட்விக், அந்தப் பிள்ளைகளின் மாதிரிகளை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினார். வைரஸ் இல்லை. அதை வேக்ஃபீல்டிடம் சொல்லியும் இருக்கிறார். 2007இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றில் சாட்விக்கே இதைச் சாட்சியமாகச் சொன்னார்.

தண்டனை மெதுவாக வந்தது. கட்டுரையாளர்களில் பத்துப் பேர் 2004 மார்ச்சில் அதன் முடிவுரையிலிருந்து விலகிக்கொண்டார்கள். பிரிட்டனின் மருத்துவ மன்றம் 2007 ஜூலையில் தொடங்கி 217 நாள் விசாரித்து, 2010 ஜனவரி 28 அன்று வேக்ஃபீல்ட் நேர்மையற்றும் பொறுப்பற்றும் நடந்துகொண்டார் என்று சொன்னது. குழந்தைகளுக்கு உரிய அனுமதியில்லாமல் பெருங்குடல் உள்நோக்கிச் சோதனையும் முதுகுத் தண்டில் நீர் எடுக்கும் சோதனையும் செய்தது, தன் மகனின் பிறந்தநாள் விருந்துக்கு வந்த பிள்ளைகளிடம் ஆளுக்கு 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்தது எல்லாம் குற்றச்சாட்டில் இருந்தன. அடுத்த வாரமே லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. மே மாதம் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீங்கியது. கட்டுரை வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கறிஞரின் பணம் பற்றி 2004இலேயே தெரிந்த பிறகும் லான்செட் இன்னும் ஆறு ஆண்டு காத்திருந்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நீதிமன்றமே அவரை விடுவித்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும். 2012 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் விடுவித்தது வேக்ஃபீல்டை அல்ல, இணை ஆசிரியர்களில் ஒருவரான பேராசிரியர் ஜான் வாக்கர்-ஸ்மித்தை. மருத்துவ மன்றம் அவர்மீது சொன்ன தீர்ப்புக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்பது நீதிபதியின் முடிவு. அதே தீர்ப்பில், தடுப்பூசிக் கோட்பாட்டை ஆதரிக்கிற மதிக்கத்தக்க தரப்பு எதுவும் இப்போது இல்லை என்றும் அவர் எழுதினார்.

அப்படியானால் அந்தப் பெற்றோர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள். பிரிட்டனில் எம்.எம்.ஆர். முதல் ஊசி குழந்தைக்கு ஒரு வயது தாண்டியதும் போடப்பட்டது. பிள்ளை பேசத் தொடங்க வேண்டிய, பெயர் சொன்னால் திரும்ப வேண்டிய, விரல் நீட்டிக் காட்ட வேண்டிய வயதும் அதுதான். ஆட்டிசம் பெரும்பாலும் பெற்றோர் கண்ணுக்குப் படுவது ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள். சில பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த சொற்களையே இழக்கிறார்கள். அந்த இழப்பு உண்மையானது, அதைக் கண்ணால் பார்த்த அம்மாவிடம் 'தற்செயல்' என்று சொல்வது எளிதல்ல. 'நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தான்' என்று தவிக்கிற மனம், அதற்கு முன்னால் நடந்தது எது என்று தேடும். ஊசி போட்ட தேதி அட்டையில் எழுதியிருக்கிறது. வேறு எதற்கும் அப்படித் தேதி இல்லை.

ஆனால் தொடக்கம் அதற்கும் முந்தையது. 1994இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு அழகான வழியில் இதைப் பார்த்தது. பின்னாளில் ஆட்டிசம் என்று தெரியவந்த 11 பிள்ளைகளின் முதல் பிறந்தநாள் வீடியோக்களையும், மற்ற 11 பிள்ளைகளின் வீடியோக்களையும் ஒப்பிட்டார்கள். கேக் வெட்டுகிற அந்த நாளிலேயே, முகம் பார்ப்பதிலும் பெயருக்குத் திரும்புவதிலும் வித்தியாசம் தெரிந்தது. இரட்டையர் ஆய்வுகள் 1977இலிருந்தே மரபணுக்களின் பங்கைக் காட்டி வருகின்றன. ஐந்து நாடுகளின் 20 லட்சம் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஆட்டிசம் வருவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதத்தை மரபணுக்கள் விளக்குகின்றன என்கிறது.

வேக்ஃபீல்டின் சந்தேகத்தைச் சோதிக்காமல் யாரும் ஒதுக்கவில்லை. லண்டனில் ஆட்டிசம் உள்ள 498 பிள்ளைகளை வைத்து 1999இலேயே பார்த்தார்கள். எம்.எம்.ஆர். 1988இல் வந்தபோது எண்ணிக்கையில் எந்தத் திடீர் ஏற்றமும் இல்லை. டென்மார்க்கில் பிறக்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, ஊசியும் நோயும் அதில் பதிவாகும் என்பதால் நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும் பார்க்க முடிந்தது. 2002இல் 5,37,303 பிள்ளைகள், 2019இல் 6,57,461 பிள்ளைகள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஏற்கெனவே ஆட்டிசம் இருந்த பிள்ளைகளைத் தனியே எடுத்துப் பார்த்தும் இல்லை.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது யோகோஹாமா. ஜப்பான் வேறு ஒரு காரணத்துக்காக 1993இல் எம்.எம்.ஆர். ஊசியையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த ஊசி கிடையாது. ஆட்டிசம் குறைந்ததா? யோகோஹாமா நகரில் அது தொடர்ந்து ஏறியது. ஊசியே இல்லாத ஓர் ஊர் தானாகவே கிடைத்த சோதனை அது.

ஜப்பான் ஏன் நிறுத்தியது என்பதும் இந்தக் கதைக்கு வேண்டியது. பொன்னுக்கு வீங்கிக்கான 'உராபே' என்ற வைரஸ் வகை சில பிள்ளைகளுக்கு மூளை உறை அழற்சியை உண்டாக்கியது. அது உண்மையான பக்கவிளைவு. பிரிட்டனும் அந்த வகை இருந்த ஊசிகளை 1992இல் விலக்கியது. அமெரிக்காவில் ரோட்டா வைரஸுக்கான ஒரு தடுப்பூசி 1999இல், சந்தைக்கு வந்த அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்டது, குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் சிக்கல் அபூர்வமாக வந்ததால். இன்றைய எம்.எம்.ஆர். ஊசியாலும் காய்ச்சல் வரலாம், சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். இதையெல்லாம் மருத்துவர்கள் மறைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஒருவருக்கு வருகிற பாதிப்பையே கண்டுபிடித்துவிட்ட கண்காணிப்பு, ஆட்டிசம் மாதிரி பரவலான ஒன்றைக் கால் நூற்றாண்டாகத் தவறவிட்டது என்று நம்புவதுதான் கஷ்டம்.

இதற்குள் குற்றச்சாட்டு இடம் மாறியிருந்தது. அமெரிக்காவில் பேச்சு தைமெரோசாலைப் பற்றியதாக ஆனது. பல தடுப்பூசிகளில் கிருமி சேராமல் இருக்கச் சேர்த்த பாதரசச் சேர்மம் அது. எம்.எம்.ஆர். ஊசியில் அது எப்போதுமே இருந்ததில்லை. உயிருள்ள வைரஸைக் கொண்ட ஊசி அது, சேர்த்தால் வைரஸ் செத்துவிடும். ஆக இரண்டும் முற்றிலும் வேறு குற்றச்சாட்டுகள், ஆனால் ஒன்றாகவே பேசப்பட்டன. முன்னெச்சரிக்கை என்று சொல்லி 2001க்குள் குழந்தைகளின் வழக்கமான ஊசிகளிலிருந்து அமெரிக்கா அதை நீக்கியது. ஆட்டிசம் குறையவில்லை. பிறகு ஒரே நேரத்தில் அளவுக்கு அதிகமான ஊசிகள் என்று பேச்சு மாறியது. இழப்பீடு கேட்டு 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அமெரிக்கச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் போயின. மாதிரி வழக்குகளாக முதலில் எடுத்த மூன்றும் 2009 பிப்ரவரியில் தோற்றன. பிரிட்டனில் வழக்கறிஞர் பார் நடத்திய வழக்குக்கான சட்ட உதவி 2003இலேயே நின்றுபோனது. வழக்கறிஞர்களுக்கும் நிபுணர்களுக்கும் கட்டணம் போய்ச் சேர்ந்தது, பிள்ளைகளுக்கு ஒரு காசும் வரவில்லை.

ஆட்டிசம் எண்ணிக்கை ஏறுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 8 வயதுப் பிள்ளைகளில் 2000இல் 150க்கு ஒருவர், 2022இல் 31க்கு ஒருவர். இதில் பெரும்பகுதி, எதை ஆட்டிசம் என்று அழைக்கிறோம் என்பது விரிந்ததால் வந்தது. 1990இல் அது அமெரிக்கப் பள்ளிச் சட்டத்தில் தனிப் பிரிவானது, 1994இல் ஆஸ்பெர்கர் என்ற லேசான வகை போன்றவையும் மருத்துவ வரையறைக்குள் வந்தன. முன்பு 'மூளை வளர்ச்சி குறைவு' என்றோ 'ஒதுங்கியே இருப்பான்' என்றோ சொல்லி விட்ட பிள்ளைகளுக்கு இப்போது சரியான பெயர் கிடைக்கிறது.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. கருவில் இருக்கும்போது தாய்க்கு ருபெல்லா வந்தால் பிள்ளைக்கு ஆட்டிசம் வரும் வாய்ப்பு கூடும். 1964-65இல் அமெரிக்காவில் பரவிய ருபெல்லாவால் சுமார் 20,000 பிள்ளைகள் காது, கண், இதயக் குறைகளோடு பிறந்தார்கள். அப்படிப்பட்ட 243 பிள்ளைகளை ஆராய்ந்த மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ், அவர்களிடையே ஆட்டிசம் வழக்கத்தைவிடப் பல மடங்கு இருப்பதை 1971இல் எழுதினார். எந்த ஊசியை ஆட்டிசத்துக்குக் காரணம் என்றார்களோ, அதன் பெயரில் உள்ள கடைசி எழுத்து 'ஆர்', ஆட்டிசத்துக்கு நிச்சயமாகத் தெரிந்த காரணங்களில் ஒன்றைத் தடுக்கிறது.

பயத்தின் விலையைக் கொடுத்தது யார்? இங்கிலாந்தில் 92 சதவீதமாக இருந்த எம்.எம்.ஆர். ஊசி 2003-04இல் 80க்கு இறங்கியது. தட்டம்மைக்கு 95 வேண்டும், அவ்வளவு வேகமாகத் தொற்றும் நோய் அது. 1998இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உறுதியான தட்டம்மை 56 பேருக்கு, 2008இல் 1,348 பேருக்கு. வேல்ஸின் ஸ்வான்சி வட்டாரத்தில் 2012-13இல் 1,200க்கும் மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள், 88 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், 25 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். பத்திரிகைகள் ஊசியைச் சந்தேகித்து எழுதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கைக்குழந்தைகளாக இருந்தவர்கள்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்தது இன்னும் வருத்தமானது. மினியாபொலிஸில் குடியேறிய சோமாலியர்கள், தங்கள் பிள்ளைகளில் ஆட்டிசம் அதிகமாகத் தெரிகிறதே என்று 2008 வாக்கில் கேட்கத் தொடங்கினார்கள். திருப்தியான பதில் வருவதற்குள், 2010-11இல் வேக்ஃபீல்ட் நேரில் வந்து பெற்றோர்களிடம் பேசினார். சோமாலியப் பிள்ளைகளிடையே 2004இல் 92 சதவீதமாக இருந்த ஊசி 2014இல் 42 ஆனது. 2017இல் தட்டம்மை பரவி 75 பேருக்கு வந்தது, பெரும்பாலோர் ஊசி போடாத சோமாலியப் பிள்ளைகள். இடையில் 2013இல் பல்கலைக்கழக ஆய்வின் பதில் வந்திருந்தது. அந்நகரில் சோமாலியப் பிள்ளைகளில் 32க்கு ஒருவர், வெள்ளையர்களில் 36க்கு ஒருவர், ஏறக்குறைய ஒரே அளவு. ஐந்து ஆண்டு தாமதமான பதில். கேள்வி கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நம்மிடமும் இதன் ஒரு சாயல் உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லோருக்கும் எம்.ஆர். ஊசி போடும் முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பத் தயங்கினார்கள். முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

இப்போது விவாதம் அமெரிக்க அரசுக்குள்ளேயே வந்துவிட்டது. தடுப்பூசிகளை நெடுங்காலம் எதிர்த்துவந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் சுகாதாரத் துறைச் செயலரான ஆண்டில், 2025 நவம்பரில், அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையப் பக்கம் மாறியது. தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்காது என்பது ஆதாரத்தின் அடிப்படையிலான கூற்று அல்ல, அந்த வாய்ப்பை ஆய்வுகள் முழுமையாக விலக்கவில்லை என்று அதில் எழுதினார்கள்.

கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் 'முழுமையாக விலக்குவது' எந்த ஆய்வாலும் முடியாது. தண்ணீர் குடிப்பதால் ஆட்டிசம் வராது என்பதையும் அந்த அர்த்தத்தில் நிரூபிக்க முடியாது. ஆய்வால் முடிவது ஓர் உச்ச வரம்பைச் சொல்வது. டென்மார்க் ஆய்வு அதைச் சொல்லியிருக்கிறது: ஊசி போடாத பத்தாயிரம் பிள்ளைகளில் 100 பேருக்கு ஆட்டிசம் இருந்தால், ஊசி போட்ட பத்தாயிரம் பேரில் அது 85க்கும் 102க்கும் இடையே இருக்கும், பெரும்பாலும் 93ஐ ஒட்டி. இதற்கு மேல் எவ்வளவு நெருக்கிச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் சொல்லவில்லை. அதே 2025இல் அமெரிக்காவில் தட்டம்மை 2,000 பேரைத் தாண்டியது. டெக்சாஸில் ஊசி போடாத இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள்.

'தடுப்பூசிகள் ஆட்டிசத்தை உண்டாக்காது' என்ற தலைப்பு மட்டும் அந்தப் பக்கத்தில் அப்படியே நின்றது, பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு. குறிக்கான அடிக்குறிப்பைப் படித்தால், செனட் சுகாதாரக் குழுவின் தலைவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்தத் தலைப்பு நீக்கப்படவில்லை என்று இருக்கிறது. 6,57,461 பிள்ளைகளைப் பற்றி அந்த அடிக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.